அந்த வரியை முழுதாகப் படியுங்கள்

அந்த வீடியோவை நேற்றிலிருந்து நாலு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். தென்னை மரம் ஏறுகிற மனிதரைப் போலீசார் வண்டியோடு நிறுத்தி, அவர் அரிவாளை டேப் வைத்து அளந்து, "பயங்கர ஆயுதம்" என்று போட்டிருக்கிறார்கள். கீழே கைதட்டல் வேறு. கொல்லுப்பட்டறை வீட்டில் பிறந்த எனக்கு வயிறு எரிகிறது.

ஆயுத விதிகளில், வெட்டும் பகுதி 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டினால் ஆயுதம் என்று ஓர் அளவு இருக்கிறது, உண்மைதான். ஆனால் வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்தவை நீங்கலாக என்று அதே வரியில்தானே இருக்கிறது? பாதி வரியைப் படித்துவிட்டு டேப்பை எடுத்தால் எப்படி? 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் ஆயுதமாக உருவாக்கப்பட்டதா என்றுதான் முதலில் கேட்கிறது. கத்தி, வாளுக்கு உரிமம் வேண்டுமென்றால்கூட மத்திய அரசு அந்தப் பகுதியைத் தனியாக அறிவித்திருக்க வேண்டும். துப்பாக்கிக்கு அப்படி இல்லை. எதற்காகச் செய்தது என்பதுதான் கேள்வி. நீளமெல்லாம் அப்புறம்.

என் அப்பா இந்தச் சட்டத்தைப் படித்ததில்லை. நான் பள்ளியில் படித்தபோது, ஒருநாள் இருட்டிய பிறகு ஒருவன் பட்டறைக்கு வந்தான். இரண்டு பக்கமும் கூர் வேண்டும், மூக்கு வளைவு வேண்டாம், எவ்வளவு ஆனாலும் தருகிறேன் என்றான். அப்பா துருத்தியை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "எந்த வயல்ல தம்பி ரெண்டு பக்கமும் அறுக்கப் போற?" அவன் பதில் பேசாமல் போய்விட்டான். மட்டை வெட்டுகிற அரிவாளுக்கு ஒரு பக்கம்தான் கூர். முதுகு தடிமனாக, எடை மூக்குப் பக்கம் இருக்கும். அகலம் குறைந்தால் மட்டையில் இறங்கவே இறங்காது. அளவு எடுத்தவருக்கு இது தெரியுமா?

"அரிவாளால்தானே கொலை நடக்கிறது" என்பீர்கள். நடக்கிறது, மறுக்கவில்லை. வெட்டியவனைப் பிடிக்க வேறு சட்டம் இருக்கிறது, பிடியுங்கள். "கண்காணிப்பே வேண்டாமா?" வேண்டும். 2021 செப்டம்பரில் போலீசார் ரவுடிகளைத் தேடிப் பிடித்தபோது, வாங்குகிறவர் பெயர், முகவரி, போன் நம்பர் எழுதி வைக்கச் சொன்னார்கள். அப்பா ஒரு வார்த்தை பேசாமல் நோட்டு வாங்கினார். இன்றும் எழுதுகிறார். அதற்குமேல் என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

சீக்கியர் மத வழக்கப்படி அணிகிற கிர்பான் என்ற குறுவாளை அரசியலமைப்பின் 25ஆம் பிரிவே ஏற்றுக்கொள்கிறது. சரியான முடிவு. யார், எதற்காக வைத்திருக்கிறார் என்று பார்க்க நமக்குத் தெரியாமல் இல்லை. மரம் ஏறுகிறவரிடம் மட்டும் ஏன் பார்க்க மாட்டேன் என்கிறோம்? லுங்கி கட்டியிருந்ததாலா? கை காய்த்துப் போயிருந்ததைக் கேமரா காட்டவில்லையா?

நேற்று அப்பாவும் அந்த வீடியோவைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. இன்று காலை இளநீர் வெட்ட அரிவாள் கேட்டு ஒருவர் வந்தார், பல வருடப் பழக்கம். "கதிரரிவாள் மட்டும்தான் அடிக்கிறேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.