பால் குடித்தால் ஜிஐ பைப் புகை ஒன்றும் செய்யாதா?

"ஜிஐ பைப்பை வெல்டிங் அடிக்கும் முன் ஒரு டம்ளர் பால் குடித்தால் போதும், புகை ஏறாது" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு. (ஜிஐ பைப் என்பது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்.) பால் போவது வயிற்றுக்கு, புகை போவது நுரையீரலுக்கு.

பைப்பின் மேல்பூச்சு துத்தநாகம். அது 907 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும்; இரும்பு உருகவோ ஏறத்தாழ 1500 டிகிரி வேண்டும். அதனால் இரும்பு இளகும் முன்பே பூச்சு ஆவியாகி, காற்றுபட்டு வெள்ளைப் புகையாகிறது. சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்துதான் குளிர் நடுக்கம், காய்ச்சல், வாயில் உலோகச் சுவை எல்லாம் வரும்; இதுதான் உலோகப் புகைக் காய்ச்சல். பெரும்பாலும் ஓரிரு நாளில் தானாகத் தணியும். தானாகத் தணிந்ததைப் பால் குடித்ததால் தணிந்தது என்று நினைத்ததால்தான் பாலுக்குப் பெயர் கிடைத்தது. மூச்சுத் திணறினால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

இணைப்பின் இருபுறமும் 5 செ.மீ. பூச்சை ஃபிளாப் டிஸ்க்கால் (கிரைண்டரில் மாட்டும் உப்புத்தாள் வட்டு) எடுத்துவிடுங்கள். சுவர் 1.6 மி.மீ. தடிமனே உள்ள பைப்பில் அழுத்தித் தேய்த்தால் அது மெலிந்து, வெல்டிங் ராடு வைத்ததும் ஓட்டை விழும். 2 மி.மீ. 6013 ரக ராடு, 50 ஆம்பியர் அளவில் தொடங்கி, விட்டுவிட்டுச் சிறு பொட்டுகளாக வையுங்கள். உட்புறப் பூச்சு அப்படியே இருப்பதால் திறந்தவெளியில், காற்று பக்கவாட்டில் வீசும்படி நின்று அடிக்க வேண்டும். துணி மாஸ்க் வீண். ஹெல்மெட்டுக்குள் பி100 (நுண்துகளைத் தடுக்கும் தரம்) வடிகட்டி மாஸ்க் போடலாம். பூச்சில்லாத கருப்பு பைப்பை வாங்கி, பிறகு பிரைமர் அடித்தால் பாதித் தொல்லை இல்லை.

அமெரிக்கன் வெல்டிங் சொசைட்டியின் இணையதளத்தில் உலோகப் புகைக் காய்ச்சல் பற்றிய பாதுகாப்புக் குறிப்பைப் பார்த்துச் சரிபார்க்கலாம். பால் தகவல் வந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள்.