வெளிச்சம் கூடினால் மட்டும் போதுமா?

"வெளிச்சம் கூடக் கூட நாற்று வேகமாக வளரும்" என்று மழைக்காட்டு மரக்கன்றுகளைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. மக்கரங்கா, செக்ரோப்பியா மாதிரி முன்னோடி மரங்களுக்கு, அதாவது காட்டில் வெட்டவெளி கிடைத்ததும் முதலில் முளைக்கும் மரங்களுக்கு, அது சரி. ஆசிய மழைக்காடுகளில் ஓங்கி வளரும் டிப்டெரோகார்ப் குடும்பத்தில் பல மரங்களின் கதை வேறு. அடர்ந்த மழைக்காட்டின் தரைக்கு வந்து சேர்வது வெளிவெயிலில் 1 முதல் 2 சதவீதம்தான். அதிலும் கணிசமான பங்கு, இலையிடுக்கில் சில நொடிகளோ நிமிடங்களோ விழுந்து மறையும் ஒளித்திட்டுகள். அதை வைத்தே இந்தக் கன்றுகள் வருடக்கணக்கில் குட்டையாகக் காத்திருக்கும். அப்புறம் பக்கத்துப் பெரிய மரம் சாய்ந்து திடீரென முழுவெயில் அடித்தால் உடனே பாய்ந்து வளர்ந்துவிடுமா என்ன? நிழலுக்குப் பழகிய மெல்லிய இலைகள் வெளுத்துக் கருகவும் செய்யும். வெயிலைத் தாங்கும் தடித்த புது இலைகள் விட்ட பிறகுதான் வேகம் பிடிக்கும். நாற்றங்காலில் நிழல்வலையைப் படிப்படியாக விலக்குவதும் இதற்காகத்தான்.