வீடியோ டெக்கில் பதிந்த நாகசுரத்தை இப்படியா நாசம் செய்வீர்கள்?

வீடியோ கேசட்டை டிஜிட்டலாக மாற்றித் தருகிறோம் என்று போர்டு மாட்டியிருப்பவர்களுக்கு அந்த டேப்பில் ஒலி எங்கே இருக்கிறது என்றாவது தெரிய வேண்டாமா? வயிறு எரிகிறது.

அப்பா சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தவர். கோயில் கச்சேரிகளை மிக்ஸரிலிருந்து நேராக லைன் எடுத்து விஎச்எஸ் ஹை-ஃபை டெக்கில், அதாவது உயர்தர ஸ்டீரியோ ஒலியும் பதியும் வீடியோ டெக்கில், பதிவார். 90 நிமிட ஆடியோ கேசட்டில் 45 நிமிடத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும், ஆலாபனை பாதியில் அறுந்துபோகும். இ-180 வீடியோ கேசட் போட்டால் 3 மணி நேரம் கையே வைக்க வேண்டாம். பட சிக்னல் இல்லாத டேப்பை ஓட்டினால் சில டெக்குகள் நீலத் திரையைக் காட்டி ஒலியையும் அடைத்துவிடும் என்பதால், ஒரு கேமராவைப் பந்தல் துணியைப் பார்த்து வைத்து அதையும் இணைத்துவிடுவார். அவருக்கு வேண்டியது ஒலி மட்டும்தான்.

இதையெல்லாம் சொல்லித்தான் கேசட்டைக் கடையில் கொடுத்தேன். "சார், இதுல வெறும் பந்தல் துணிதான் ஓடுது, எதுக்கு காசு செலவு பண்றீங்க" என்கிறார் கடைக்காரர்! சரி, ஒலியையாவது ஒழுங்காக எடுத்தாரா? ஒரு சாதாரண மோனோ டெக்கில் போட்டு டேப்பின் ஓரத்தில் இருக்கும் மெல்லிய டிராக்கை எடுத்துக் கொடுத்திருக்கிறார். அந்த ஓரத்தில் டேப் நகர்வதே நொடிக்கு 2.34 சென்டிமீட்டர்தான், ஆடியோ கேசட்டின் வேகத்தில் பாதிகூட இல்லை. ஹை-ஃபை ஒலி அங்கே இல்லவே இல்லை ஐயா, டெக்குக்குள் சுழலும் டிரம்மில் உள்ள ஹெட் (பதியும், படிக்கும் முனை) அதைப் படத்துக்கு அடியில், டேப்பின் ஆழத்தில் எழுதியிருக்கிறது, சுழலும் ஹெட் டேப்பின் மேல் ஓடும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 4.85 மீட்டர். 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 வரை ஸ்டீரியோவில் அப்படியே கிடக்கிறது. நல்ல டெக்கிலும் டிராக்கிங், அதாவது ஹெட் டேப்பின் தடத்தோடு பொருந்தி ஓடுவது, கொஞ்சம் விலகினால் டெக் தானாகவே சொல்லாமல் கொள்ளாமல் ஓர டிராக்குக்குத் தாவிவிடும், முன்னால் ஹை-ஃபை என்ற விளக்கு அணையும், அதை ஒரு ஆள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். யார் பார்க்கிறார்கள்?

போதாக்குறைக்கு இரைச்சலை நீக்குகிறேன் என்று ஏதோ மென்பொருளை ஓட்டி, விடாமல் சுருதி பிடிக்கும் ஒத்து நாகசுரத்தின் ஒலியையே இரைச்சல் என்று துடைத்துவிட்டார்கள். தவிலின் தொப்பியில் கழி விழும் அடி, நெஞ்சில் வந்து இடிக்க வேண்டியது, அட்டைப்பெட்டியைத் தட்டுவதுபோல் கேட்கிறது. சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரிக்கு உயிரே இல்லை.

கேட்டால் "வீடியோ டேப் படத்துக்குத்தானே சார்" என்கிறார்கள். சிடியில் ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து பதியும் கணக்கே, டிஜிட்டல் ஒலியை வீடியோ டேப்பில் பட வரிகளாக எழுதிவைத்த முறையிலிருந்து வந்ததுதான். 90களில் எத்தனையோ ஸ்டுடியோக்களில் 8 டிராக் ஏடாட் (ADAT) என்ற டிஜிட்டல் ஒலிப்பதிவு மெஷின்கள் எஸ்-விஎச்எஸ் வீடியோ கேசட்டில்தான் பாட்டைப் பதிந்தன. குறை இல்லாமல் இல்லை, டிரம்மில் ஒரு ஹெட்டிலிருந்து அடுத்த ஹெட்டுக்கு மாறும்போது 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் மெல்லியதாக அடியில் கேட்கும், சில டெக்குகளில் லெவலை நாமே வைக்கவும் முடியாது. அதற்காக?

புது டெக் தயாரிப்பு 2016லேயே நின்றுபோய்விட்டது. இருக்கிற டெக்குகளில் பெல்ட் போகிறது, ஹெட் தேய்கிறது, டேப்பில் பூஞ்சை பிடிக்கிறது, ஒவ்வொரு மழைக்காலமும் பயமாக இருக்கிறது. அந்த வித்வான்களில் பலர் இப்போது இல்லை, அப்பாவும் இல்லை. மிச்ச கேசட்டுகளை இனி எந்தக் கடையிலும் கொடுப்பதாக இல்லை. ஹெட் நல்ல நிலையில் உள்ள, நம் ஊர் PAL முறை விஎச்எஸ் ஹை-ஃபை டெக் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், வாடகை எவ்வளவு கேட்டாலும் தருகிறேன், பக்கத்திலேயே உட்கார்ந்து நானே எடுத்துக்கொள்கிறேன்.