"சேஃப்" என்று எழுதும் முன்

பைதான் மொழியின் இணையதளக் கட்டமைப்பான ஜாங்கோவில் தளம் கட்டும் இளைஞர்கள் அனுப்பும் கோடில் ஒரு வரி அடிக்கடி கண்ணில் படுகிறது. வாசகர் எழுதிய மறுமொழியை, எளிய குறிகளோடு எழுதியதை எச்டிஎம்எல் ஆக்கும் மார்க்டவுன் ஃபில்டரில் விட்டு, கையோடு "சேஃப்" ஃபில்டரையும் ஒட்டிவிடுகிறார்கள். பக்கம் அழகாக வந்துவிடுவதால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எனக்கு அந்த வரியைப் பார்த்தாலே பயம்.

2008-ல் வந்த ஜாங்கோ 1.0 முதல், பக்கத்தின் வார்ப்பான டெம்ப்ளேட்டில் காட்டும் மாறிகள் தாமாகவே எஸ்கேப் ஆகின்றன; அதாவது எச்டிஎம்எல்லின் சிறப்புக் குறிகள் வேலை செய்யாதபடி மாற்றி எழுதப்படுகின்றன. உலாவியில் கட்டளையை ஓட்டும் ஸ்கிரிப்ட் டேக்கை யாராவது எழுதினாலும் அது வெறும் எழுத்தாகத்தான் தெரியும். "சேஃப்" போட்டால் அந்தக் காவல் விலகுகிறது. பெயரைப் பார்த்து, அது உரையைச் சுத்தம் செய்கிறது என்று பலர் நம்புகிறார்கள். அது எதையும் சுத்தம் செய்வதில்லை. "இந்த உரைக்கு நான் பொறுப்பு" என்று ஜாங்கோவிடம் எழுதிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

மார்க்டவுனைக் குறை சொல்ல மாட்டேன். 2004-ல் ஜான் க்ரூபர் வெளியிட்டபோதே, நடுவில் எச்டிஎம்எல்லை அப்படியே எழுதலாம் என்பது அதன் விதி. தன் தளத்தில் தானே எழுதுகிறவருக்கு அது வசதி. முன்பின் தெரியாதவர்கள் எழுதும் மறுமொழிப் பெட்டிக்கு அது ஆபத்து. மார்க்டவுனை மாற்றித்தரும் பைதான் நிரலகமான பைதான்-மார்க்டவுனில், இப்படி வரும் எச்டிஎம்எல்லைத் தடுக்க முன்பு "சேஃப் மோட்" இருந்தது. 2018-ல் வந்த 3.0 பதிப்பில் நீக்கிவிட்டார்கள். நல்ல முடிவு. பொய்யான நம்பிக்கையைவிட வெளிப்படையான இன்மை மேல்.

"முதலில் எஸ்கேப் செய்துவிட்டு மார்க்டவுனுக்கு அனுப்பினால் போதாதா?" என்று கேட்கிறார்கள். போதாது. மேற்கோளுக்கு வரியின் தொடக்கத்தில் போடும் > குறி எஸ்கேப்பில் &gt; ஆகிவிடும்; மேற்கோள் மேற்கோளாக வராது. கோட் பகுதிகளில் இரட்டை எஸ்கேப் ஆகி, வாசகருக்கு &lt; என்றே தெரியும். இவ்வளவு கெடுத்தும் பாதுகாப்பு கிடைக்கிறதா? மார்க்டவுன் லிங்க்கின் அடைப்புக்குள் முகவரிக்குப் பதில் "ஜாவாஸ்கிரிப்ட்:" என்று தொடங்கும் கட்டளையை ஒருவர் வைத்தால், எஸ்கேப்பில் மாட்டும் எழுத்து அதில் ஒன்றுகூட இருக்க வேண்டியதில்லை. நேராக உள்ளே வந்துவிடும்.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் மார்க்டவுனை எச்டிஎம்எல் ஆக்குங்கள், பிறகு அந்த எச்டிஎம்எல்லை, ஆபத்தானவற்றை நீக்கும் சானிடைசரில் வடிகட்டுங்கள், கடைசியாகத்தான் "சேஃப்". பலரும் பயன்படுத்திய ப்ளீச் என்ற சானிடைசர் 2023-ல் ஓய்வு பெற்றுவிட்டது; இப்போது என்எச்3 இருக்கிறது. அது இயல்பாகவே டேக்குகளின் கிளாஸ் பண்பை நீக்கிவிடும், அதை நம்பியிருக்கும் கோட் வண்ணங்கள் போய்விடும். அதற்காகச் சானிடைசரையே கழற்றாதீர்கள். தேவையான பண்பை மட்டும் அனுமதியுங்கள், ஐந்து நிமிட வேலை.

தரவுத்தளத்தில் மூல மார்க்டவுனை எப்போதும் வைத்திருங்கள். வேகத்துக்காக எச்டிஎம்எல்லையும் சேமிக்கலாம். ஆனால் மூலம் இருந்தால்தான் நாளை வடிகட்டும் விதி மாறும்போது பழைய பதிவுகளை மறுபடி உருவாக்க முடியும்.

தமிழில் தளம் நடத்துகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. பைதான்-மார்க்டவுனின் பொருளடக்க நீட்சி, தலைப்புகளுக்கு ஐடி உருவாக்கும்போது ஆஸ்கி (ஆங்கில எழுத்து, எண், குறிகள்) அல்லாத எழுத்துகளைத் தூக்கி எறிகிறது. தமிழ்த் தலைப்புகளுக்கு மிஞ்சுவது _1, _2 தான். தலைப்பை ஐடியாக (ஸ்லக்) மாற்றும் யூனிகோட் ஸ்லக்கிஃபைக்கு மாறினாலும் புள்ளியும் துணைக்குறிகளும் உதிர்ந்து "தமிழ்" என்பது "தமழ" ஆகிறது. எழுத்து வடிவங்களைத் தேடும் பைதானின் ரெஜெக்ஸ் அவற்றை எழுத்தாக எண்ணாததே காரணம். அந்த நீட்சிக்கு நம் சொந்த ஸ்லக் ஃபங்ஷனைக் கொடுக்க வழி இருக்கிறது. தமிழ் யூனிகோட் வரம்பை முழுதாக அனுமதித்து எழுதிக்கொடுங்கள்.