நைட்ரஜன் ஆபத்தில்லாததா?
"காற்றில் 78 சதவீதம் இருப்பதால் நைட்ரஜன் ஆபத்தில்லாதது" என்று இங்கே வந்திருக்கும் கட்டுரையில் இருக்கிறது. மணலியில் 18 வருஷம் டேங்க் கிளீனிங் வேலை பார்த்தவன் நான், இதை ஏற்க முடியவில்லை. கூடவே 21 சதவீதம் ஆக்ஸிஜன் இருக்கிறவரைதான் அது சாது. தீப்பிடிக்கும் ஆவியை வெளியேற்ற டேங்கில் நைட்ரஜனை ஏற்றிவிட்டால் உள்ளே நிறமும் தெரியாது, வாசனையும் வராது, மூச்சு முட்டுவதும் தெரியாது. உடம்பு தவிப்பது கார்பன் டை ஆக்ஸைடு சேர்ந்தால்தான்; ஆக்ஸிஜன் குறைவதை அது லேசில் உணராது. கூட வேலை பார்த்த அண்ணன் ஒருவர் உள்ளே விழுந்த ஸ்பேனரை எடுக்க மேன்ஹோலுக்குள் தலையை மட்டும்தான் விட்டார். ரெண்டு மூச்சு, கை அப்படியே தொங்கிவிட்டது. பெல்ட்டைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தார். அதற்கப்புறம் ஆக்ஸிஜன் மீட்டர் 19.5 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் யாரையும் நான் உள்ளே விட்டதில்லை. திரவ நைட்ரஜன் சிந்தினாலும் ஆவியாகிப் போய்விடும் என்று கட்டுரைக்கு வந்த கருத்துகளில் ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். ஆவியாகும்தான், ஆனால் மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கிற அந்தத் திரவம் ஒரு லிட்டர் சிந்தினால் கிட்டத்தட்ட 700 லிட்டர் வாயுவாகும். சன்னல் இல்லாத அறையில் அது எங்கே போகும்? கட்டுரையில் அந்த வரியைத் தயவுசெய்து திருத்துங்கள்.