முகூர்த்த நாள்களில் காலியாகும் வகுப்பறை

நான் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் இளங்கலை மாணவர்களுக்கு வணிகவியல் கற்பிக்கிறேன். எங்கள் துறை மாணவர்களின் உதவித்தொகை விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் பொறுப்பும் சில ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. வருகைப் பதிவேட்டையும் உதவித்தொகைப் பட்டியலையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கிறவன் என்ற முறையில், இரண்டுக்கும் இடையே உள்ள தொடர்பைப் பற்றி எழுத வேண்டுமென்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

ஆவணியிலும் ஐப்பசியிலும், பிறகு தை முதல் பங்குனி வரையிலும், நாள்காட்டியில் முகூர்த்த நாள் என்று குறித்திருந்தால் என் வகுப்பின் பின்வரிசை காலியாக இருக்கும். மாணவர்கள் திருமணத்துக்கு விருந்தாளிகளாகப் போவதில்லை; பந்தி பரிமாறப் போகிறார்கள். முந்தைய நாள் மாலையே வேன் வந்து அழைத்துச் சென்றுவிடும். இரவுச் சாப்பாடு, விடிந்ததும் காலை டிபன், மதியம் இலைச் சாப்பாடு என்று மூன்று பந்தியும் முடிந்த பிறகுதான் கூலி கையில் கிடைக்கும். சென்ற பருவத்தில் உள்மதிப்பீட்டுத் தேர்வின்போது ஒரு மாணவர் விடைத்தாளின் மீதே தலை சாய்த்து உறங்கிவிட்டார். எழுப்புவதற்காகத் தோளைத் தொட்டபோது, விரித்திருந்த அவருடைய உள்ளங்கையில் சாம்பார் வாளியின் கைப்பிடி அழுத்திய தடம் சிவந்த கோடாக இருந்ததைப் பார்த்தேன். "மூணு கல்யாணம் சார், தொடர்ந்து" என்றார். அவர் ஆதிதிராவிடர் மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு, அதாவது பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான உதவித்தொகைக்கு, உரிய காலத்தில் விண்ணப்பித்தவர். எல்லாச் சான்றுகளையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்து முதல் ஆளாகக் கொடுத்தவர். அப்போது பிப்ரவரி மாதம். தொகை இன்னும் வரவில்லை.

இந்த உதவித்தொகை 1944-இல் தொடங்கியது. அம்பேத்கர் அப்போது வைஸ்ராயின் செயற்குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். உதவித்தொகை நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இருக்க முடியாது. 1913-இல் பரோடா மன்னர் மாதம் பதினொன்றரை பவுண்டு வீதம் மூன்றாண்டுகளுக்கு அளித்த உதவியால்தான் அவர் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அதன் பிறகு லண்டனில் தொடங்கிய படிப்பை, உதவிக்காலம் முடிந்துவிட்டதால் 1917-இல் பாதியில் விட்டு ஊர் திரும்ப நேர்ந்தது. பம்பாயில் ஆசிரியராக வேலை பார்த்து, சேமித்து, கடனும் வாங்கி 1920-இல்தான் அவரால் மீண்டும் அங்கே போக முடிந்தது. அம்பேத்கருக்கே மூன்றாண்டு இடைவெளி விழுந்தது என்றால், எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்த இடைவெளி பெரும்பாலும் நிரந்தரமாகிவிடுகிறது.

2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை இத்திட்டத்தின் நிதிப் பகிர்வை மாற்றி, 60 விழுக்காட்டை ஒன்றிய அரசும் 40 விழுக்காட்டை மாநில அரசும் ஏற்கும் என முடிவு செய்தது. அதற்கு முன்பு மாநிலங்களின் தோளிலேயே பெரும் சுமை இருந்தது என்பதால் அந்த மாற்றத்தை நான் மனமார வரவேற்றேன். ஆனால், மாநிலம் தன் பங்கை விடுவித்த பிறகே ஒன்றிய அரசின் பங்கு மாணவரின் வங்கிக் கணக்குக்கு வரும் என்ற ஏற்பாட்டினால், ஓரிடத்தில் ஏற்படும் தாமதம் மற்றோரிடத்தின் தாமதமாகவும் ஆகிவிடுகிறது. இதற்கு மேல் வங்கிக் கணக்கின் சிக்கல் வேறு. விண்ணப்பத்தில் எந்தக் கணக்கின் எண்ணை எழுதிக் கொடுத்தாலும், ஆதாருடன் கடைசியாக இணைக்கப்பட்ட கணக்கு எதுவோ அதற்கே பணம் போகும். பள்ளியில் படித்தபோது தொடங்கி மறந்துபோன கணக்கு, சிம் கார்டு வாங்கியபோது தனக்கே தெரியாமல் தொடங்கப்பட்ட கணக்கு என ஒவ்வொன்றாகத் தேடி, வங்கிக்கும் இ-சேவை மையத்துக்கும் அலைந்து திரும்பிய மாணவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். ஒவ்வோர் அலைச்சலுக்கும் ஒரு நாள் வகுப்பு போகிறது.

இப்படி நேரடியாகக் கணக்கில் செலுத்துவதற்கு நியாயமான காரணம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. இமாச்சலப் பிரதேசத்தில் தனியார் கல்வி நிறுவனங்கள் மாணவர்களின் பெயரில் உதவித்தொகையைச் சுருட்டியதாக எழுந்த புகாரை 2019-இல் சிபிஐ விசாரிக்கத் தொடங்கியது. அப்படிப்பட்ட கொள்ளைக்கு மீண்டும் வாசல் திறக்க வேண்டுமென்று யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் முறைகேட்டைத் தடுப்பதற்கான சரிபார்ப்பு, பணம் தேவைப்படும் மாதங்கள் கடந்துபோகும் வரை நீளக் கூடாது.

தொகையின் அளவையும் சொல்ல வேண்டும். பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். போன்ற பட்டப்படிப்புகளில் வீட்டிலிருந்து வந்து படிப்பவருக்குக் கட்டணம் நீங்கலாகக் கிடைக்கும் படித்தொகை ஆண்டுக்கு 3,000 ரூபாய். விடுதி மாணவருக்கு 6,000 ரூபாய். வீட்டிலிருந்து வருபவருக்கு மாதம் 250 ரூபாய் என்று ஆகிறது. பேருந்துக்கும், நகலெடுப்பதற்கும், தேர்வுக் கட்டணத்துக்கும், ஒரு வேளை மதிய உணவுக்கும் இந்தத் தொகை எப்படிப் போதும் என்பதை நிர்ணயித்தவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

பெற்றோரின் வருமான உச்சவரம்பு 2.5 லட்சம் ரூபாய். கட்டட வேலைக்குப் போகும் கணவனும் மனைவியும் தலா 401 ரூபாய் கூலிக்கு மாதம் 26 நாள் வேலை பார்த்தால், ஆண்டு வருமானம் 2,50,224 ரூபாய். பிள்ளை தகுதி இழந்துவிடுகிறது. அவர்களுக்கு ஆண்டு முழுவதும் வேலை கிடைப்பதில்லை என்பதும், கிடைக்கும் நாளில் கூலி இதைவிடக் கூடுதல் என்பதும் ஊரறிந்த செய்திகள். அதனால் வருமானச் சான்றில் உள்ள எண்ணுக்கும் வாழ்க்கைக்கும் தொடர்பில்லாமல் போகிறது. உண்மையைச் சொன்னால் பிள்ளையின் படிப்பு போய்விடுமோ என்று நேர்மையான மனிதர்கள் அஞ்ச வேண்டியிருக்கிறது. பொருளாதாரத்தில் நலிந்த முன்னேறிய பிரிவினருக்கான இடஒதுக்கீட்டுக்கு 8 லட்சம் என்று வரம்பு வைத்திருக்கும் நாட்டில், பட்டியலின மாணவரின் உதவித்தொகைக்கு 2.5 லட்சம் என்பதை எந்த அடிப்படையிலும் என்னால் ஏற்க முடியவில்லை.

இதே மாநிலத்தில் இதைவிட நன்றாக நடக்கும் திட்டமும் இருப்பதால்தான் என் வருத்தம் கூடுகிறது. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. பட்டம் பெற்ற பெண்ணின் திருமணத்துக்கு 50,000 ரூபாயும் 8 கிராம் தங்கமும் கொடுத்துவந்த திட்டத்தைத்தான், அவள் படிக்கும்போதே கிடைக்கும் பணமாக அரசு மாற்றியது. 2024 ஆகஸ்ட்டில் ஆண் மாணவர்களுக்கு இதேபோன்ற தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது. வேறு உதவித்தொகை பெறுபவர்களும் இதைப் பெறலாம். மாதந்தோறும் வருகிறது என்பதே இதன் பெரிய சிறப்பு. என் வகுப்பு மாணவி ஒருவர் இந்தப் பணத்தை நம்பி ஏலச்சீட்டு ஒன்றில் சேர்ந்து, மூன்றாம் ஆண்டில் தட்டச்சுத் தேர்வுக்கும் அதற்கான பயிற்சிக்கும் தானே பணம் கட்டினார். எந்த நாளில் வரும் என்று தெரிந்த பணத்தை வைத்துத்தான் இப்படித் திட்டமிட முடியும். இடையில் ஓராண்டு தனியார் பள்ளிக்குப் போய்வந்த ஏழைப் பிள்ளை விடுபட்டுப்போவது இத்திட்டத்தின் குறை. அதையும் சரிசெய்ய வேண்டும்.

நான் கேட்பது இதுதான். போஸ்ட் மெட்ரிக் படியையும் ஜூலை முதல் மாதந்தோறும் கொடுங்கள். முதல் தவணையைச் சேர்க்கைச் சான்றின் பேரில் விடுவித்துவிட்டு மற்றச் சரிபார்ப்புகளைப் பிறகு செய்யுங்கள். தகுதியில்லை என்று தெரிந்தால் அடுத்த தவணையை நிறுத்துங்கள். கல்லூரிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: அரசுப் பணம் வரவில்லை என்பதற்காக மாணவரின் ஹால் டிக்கெட்டை நிறுத்தி வைக்காதீர்கள். பிற கல்லூரிகளில் இதே பொறுப்பில் இருக்கும் நண்பர்கள், முதல் வாரத்திலேயே ஒவ்வொரு மாணவரின் ஆதாரும் எந்த வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். அரை மணி நேர வேலைதான். ஓராண்டு அலைச்சல் மிச்சமாகும்.

பந்தி பரிமாறிய அந்த மாணவரின் வருகை 71 விழுக்காட்டில் நின்றது. உதவித்தொகையைப் பெறுவதற்கு 75 விழுக்காடு வருகை வேண்டும் என்பது விதி. உதவித்தொகை வராததால் வேலைக்குப் போனார். வேலைக்குப் போனதால் உதவித்தொகைக்கு உரிய வருகையை இழந்தார். வருகைக் குறைவைப் பொறுத்துத் தேர்வெழுத அனுமதிப்பதற்கான 'கண்டொனேஷன்' கட்டணமும் கட்ட வேண்டியிருந்தது. அந்த விண்ணப்பத்தில் 'காரணம்' என்ற இடத்தில் 'உடல்நலக் குறைவு' என்று எழுதி மருத்துவச் சான்றை இணைப்பதுதான் எங்கள் வழக்கம். இம்முறை நான் மருத்துவச் சான்று கேட்கவில்லை. "உதவித்தொகை பிப்ரவரி வரை வரவில்லை, கூலி வேலைக்குச் சென்றார்" என்று நானே எழுதிக் கையொப்பமிட்டு, கல்லூரி முதல்வர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன்.