சோதிக்காத என்ஜினுக்கு எதற்குச் சரிக்குறி?

வெள்ளவத்தை, காலி வீதி, பிற்பகல் இரண்டு மணி வெயில். பெற்றோல் நிரப்பிவிட்டுச் சாவியைத் திருப்புகிறேன். ஸ்டார்ட்டர் சுழல்கிறது, சுழன்றுகொண்டே இருக்கிறது, என்ஜின் பற்றவில்லை. பின்னால் முச்சக்கரவண்டிகள் ஹோர்ன் அடிக்கின்றன. நிரப்பு நிலையத்துப் பையன்கள் இருவர் காரை ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றேன். என்ஜின் ஆறியதும் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆனது. கார் வாங்கி அன்று பதினோராவது நாள். அதன் பரிசோதனை அறிக்கை முன்பெட்டிக்குள் கிடந்தது. நான்கு பக்கம். மூன்றாம் பக்கத்தில் 'என்ஜின் நிலை: நன்று' என்று எழுதி, பக்கத்தில் பச்சை மையில் ஒரு சரிக்குறி.

அந்தப் பச்சைச் சரிக்குறியை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு பதறுகிறது.

கார் மஸ்டா ஆர்எக்ஸ்-8, 2004ஆம் ஆண்டுத் தயாரிப்பு. பள்ளிக்கூட நாட்களில் பம்பலப்பிட்டியில் ஒன்று ஓடியதைப் பார்த்த நாளிலிருந்து மனதில் இருந்த கார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்குக் கதவு திறக்க 2025 பெப்ரவரி ஆகிவிட்டது. அந்த ஐந்து ஆண்டுகளில் இந்த நாட்டில் பழைய கார்களுக்கு ஏறிய விலை எல்லோருக்கும் தெரியும். என்னைப் போன்ற சம்பளக்காரன் ஒரு தடவை பிழைவிட்டால் பத்து வருடத்துக்கு எழும்ப முடியாது. அதனால்தான் என் கண்ணை நம்பாமல், 15,000 ரூபாய் கொடுத்து, விஷயம் தெரிந்தவர் என்று நாலு பேர் சொன்ன ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

அவர் சும்மா நின்றார் என்று சொல்ல மாட்டேன். பெயின்ட் தடிப்பை அளக்கும் கருவியை ஒவ்வொரு தகட்டிலும் வைத்துப் பார்த்தார். இடப்பக்க மட்கார்டு டிங்கரிங் செய்யப்பட்டது என்று கண்டுபிடித்தார். ரயர்களின் தயாரிப்பு வாரத்தைக்கூடக் குறித்தார். ஏசி, கண்ணாடி, இருக்கைத் தையல் எல்லாவற்றுக்கும் நேரம் இருந்தது. என்ஜினுக்கு வந்ததும் பொனட்டைத் திறந்தார், ஒயில் மூடியைக் கழற்றி முகர்ந்தார், காது கொடுத்துக் கேட்டார். சரிக்குறி போட்டார்.

ஆர்எக்ஸ்-8இல் இருப்பது ரோட்டரி என்ஜின், அதைக் காதால் சோதிக்க முடியாது. அதில் பிஸ்டனும் இல்லை, வால்வும் இல்லை. முக்கோண வடிவில் இரண்டு சுழலிகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று முகங்கள், மூன்று முனைகள், முனைக்கு முனை மெல்லிய சீல். அந்தச் சீல்கள் தேய்ந்தால் அழுத்தம் விழும். குளிர்ந்திருக்கும்போது எப்படியோ ஸ்டார்ட் ஆகிவிடும், சூட்டில் அணைத்தால் திரும்பப் பற்றாது. சாதாரண கார்களுக்கு வைத்திருக்கும் அழுத்தமானியைச் சொருகினாலும் பயனில்லை. மூன்று முகங்களில் எது கூடியதோ அதை மட்டும்தான் காட்டும். மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் ரோட்டரிக் கருவி வேண்டும், அதையும் சூடான என்ஜினில் வைக்க வேண்டும். நிமிடத்துக்கு 250 சுற்றில் 680 கிலோபாஸ்கலுக்குக் குறையக் கூடாது என்று மஸ்டா அளவே வகுத்திருக்கிறது. இது ரகசியமும் இல்லை. அமெரிக்காவில் இந்த என்ஜினுக்கான உத்தரவாதத்தை 8 ஆண்டு அல்லது 100,000 மைல் என்று மஸ்டாவே நீட்டிக்க வேண்டி வந்தது. ஆர்எக்ஸ்-8 பார்க்கக் காசு வாங்குகிறவருக்கு இது தெரியாதென்றால் காசு வாங்கியது பிழை. தெரிந்தும் சரிக்குறி போட்டிருந்தால் அதற்கு வேறு பெயர்.

எனக்கு அதிகம் எரிவது மற்றொரு விஷயம். ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து நிறுத்தியபோது, விற்றவர் கையை உயர்த்தி, "பற்றரி கொஞ்சம் பலவீனம் தம்பி, அணைக்க வேண்டாம்" என்றார். நான் அணைக்கவில்லை. எனக்குத் தெரியாது. பக்கத்தில் இருந்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? ரோட்டரிக் காரை விற்கிறவன் சூட்டில் அணைக்காதே என்று கெஞ்சுகிறான் என்றால் அங்கேயே அணைத்து, அங்கேயே சாவியைத் திருப்பிப் பார்ப்பதுதானே பரிசோதனை! கருவியும் வேண்டாம், படிப்பும் வேண்டாம், ஒரு நிமிடம் போதும். அவர் தலையாட்டிவிட்டு அறிக்கையில் 'பற்றரி மாற்றவும்' என்று எழுதினார்.

காரின் கணினியை வாசிக்கும் ஸ்கானர் கதையும் இதேதான். 'கோளாறுக் குறியீடுகள் இல்லை' என்று அச்சில் வந்திருக்கிறது. முந்தின நாள் அழித்துவிட்டால் எங்கிருந்து வரும்? அழித்திருந்தால் காரின் உட்சோதனைகள் பல 'முடியவில்லை' என்று அதே திரையில் நிற்கும். அடுத்த பக்கத்துக்குப் போய்ப் பார்த்தால் தெரிந்திருக்கும். போகவில்லை.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினால் இப்படித்தான் என்று மாமா சொல்கிறார். இல்லை மாமா. கொட்டாஞ்சேனையில் என் நண்பன் வாங்கியது ஸ்போர்ட்ஸ் கார் இல்லை, பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போக ஒரு ஹைபிரிட். அவனுடைய அறிக்கையிலும் பற்றரிக்கு நேரே 'நன்று'தான். கலங்களை ஒவ்வொன்றாக அளந்தார்களா என்று கேட்டால் பதில் இல்லை. 2016 மே மாத வெள்ளத்தில் கொலன்னாவையிலும் வெல்லம்பிட்டியிலும் கார்கள் கூரைவரை மூழ்கிக் கிடந்ததைப் பார்த்த ஊர் இது. இருக்கைப் பட்டியை முழுக்க இழுத்து அடியில் சேறு இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதகரை நான் இன்னும் காணவில்லை.

பிறகு ரோட்டரிக் கருவி வைத்திருக்கும் ஒருவரைத் தேடிப் பிடித்துச் சூட்டில் அளந்தேன். பின் சுழலியின் ஒரு முகம் 480. மற்ற இரண்டும் 600ஐத் தொடவில்லை. என்ஜினைப் பிரிக்க வேண்டும் என்றார். அவர் சொன்ன தொகையை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

அறிக்கைக்காரருக்குத் தொலைபேசி எடுத்தேன். கடைசிப் பக்கத்தின் அடியைப் பாருங்கள் என்றார். பார்த்தேன். எறும்பு எழுத்தில், 'இது பார்வைப் பரிசோதனை மட்டுமே, நிறுவனம் பொறுப்பேற்காது' என்று இருக்கிறது. பார்வைப் பரிசோதனை என்றால் உள்ளே இருப்பதை நன்று என்று எழுத உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? பார்க்காத இடத்தில் 'பார்க்கவில்லை' என்று எழுதியிருந்தால் நான் கொடுப்பதற்கு முன் யோசித்திருப்பேன், கருவியைத் தேடியிருப்பேன், விலகியிருப்பேன். என்னை வாங்கவைத்தது விற்றவரின் பேச்சு இல்லை, உங்கள் பேனா.

காசைத் திருப்பித் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. அந்தச் சரிக்குறியை வெட்டி, 'அழுத்தம் சோதிக்கப்படவில்லை' என்று எழுதி, திகதி போட்டுக் கையெழுத்து வைத்துத் தாருங்கள் என்றுதான் கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். மூன்று வாரம் ஆகிறது. இப்போது என் இலக்கத்தைக் கண்டால் எடுப்பதில்லை.